காலமானவர் வரவேற்பறையில் காத்திருக்கிறார்

அத்தியாயம் ஒன்று

ஆறிப்போன டீயை வக்கீல் மறுபடியும் அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தவர், அன்றைய செய்தித்தாளின் இரண்டாம் பக்கத்தில் காலமாகியிருந்தவர்.

வக்கீல் ஆளை உடனே அடையாளம் கண்டுகொண்டான். டீ சூடாகும்வரை அவன் படித்துக்கொண்டிருந்ததே அந்தப் பக்கத்தைத்தான். படத்தில் பார்த்த அதே வெள்ளைப் புருவம், அதே தடித்த கண்ணாடி, யாரையோ கேள்வி கேட்கக் கிளம்பியது போன்ற அதே மூக்கு, எல்லாம் சேர்ந்து இப்போது வாசலில் நின்று மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறி வந்த மூச்சு. செத்தவர்களுக்கு மூச்சு வாங்காது என்ற அளவுக்கு அவனுக்கும் விஷயம் தெரியும். அதனால் பாத்திரத்தைக் கீழே போடாமல் சமாளித்துக்கொண்டான்.

"உட்காருங்க சார். டீ குடிப்பீங்களா, இல்ல நேத்தோட நிறுத்திட்டீங்களா?"

வந்தவர் கையிலிருந்த செய்தித்தாளை மேஜையில் ஓங்கி அடித்தார். அந்தச் சத்தத்தில் உள்ளறையிலிருந்து சித்தி வெளியே வந்தாள்.

இந்த இருவரையும் பற்றி இரண்டு வார்த்தை. வக்கீல் என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். சட்டக் கல்லூரியில் சேர்ந்து, பாடம் நடத்தியவர்களோடு வாதாடியே முதல் வருடத்தில் வெளியே வந்தவன். பிறகு அவன் பார்த்த வேலைகளையும் விட்ட வேலைகளையும் சொல்ல ஆரம்பித்தால் இந்த அத்தியாயம் தாங்காது. போனால் போகிறதென்று அம்மாவின் தங்கை அவனைத் தன் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டாள். சித்தி அதற்குமுன் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், பணத்துக்காகச் செத்துப்போனதாக நாடகம் போடுகிறவர்களைத் தேடிப்பிடிக்கும் பிரிவில் இருந்தவள். செத்தவர்கள் எதிரே வந்து உட்காருவது அவளுக்குப் பழகிப்போன சங்கதி.

"உங்களை யார் கொன்னாங்கன்னு கண்டுபிடிக்கணும், அப்படித்தானே?" என்றாள் நாற்காலியை இழுத்துப் போட்டபடி.

அப்படித்தான் என்றார் அவர். அப்புறம் அவர் பேசிய பேச்சு இருக்கிறதே, அதற்கு நடுவில் டீ மறுபடியும் ஆறிப்போனது. பத்திரிகை அலுவலகத்தில் அவருக்குத் தலையங்கம் என்று பெயர். எதைச் சொன்னாலும், "வாசகர்கள் சிந்திக்க வேண்டும்" என்கிற தோரணையில்தான் சொல்வாராம். மெய்ப்புப் பார்ப்பவராக உள்ளே நுழைந்தவர், நீதிமன்ற நிருபர், சட்டசபை நிருபர் என்று ஒவ்வொரு படியாக ஏறி, ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைகளில் ஊரையே உட்கார வைத்துப் படிக்க வைத்தவர். துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றித் தலையணை கனத்துக்கு முதல் நூல் எழுதினார். அடுத்தடுத்துப் பல நூல்கள் வந்தன. இப்போது சுயசரிதை. அடுத்த வாரம் முதல் அதே பத்திரிகையில் தொடராக வர இருந்தது. தொடரைக் கேட்டு வாங்கியவர் பத்திரிகை முதலாளி. இந்த நேரம் பார்த்துத்தான் சாகடித்துவிட்டார்கள்.

"இது ஆசிரியரோட வேலை. வேற யாருமில்ல," என்றார் தலையங்கம்.

இன்றைய ஆசிரியரும் அவரும் ஒரு காலத்தில் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து எழுதியவர்கள். ஒருவர் தட்டில் இன்னொருவர் சாப்பிட்ட சிநேகம். அந்தத் துறைமுக நூலுக்கு மதிப்புரை எழுதும் பொறுப்பு நண்பருக்கு வந்தது. "நூறு பக்கம் குறைத்திருந்தால் நல்ல நூல்" என்று எழுதிவிட்டார். மறுநாளே தலையங்கம் ராஜினாமா கடிதத்தை நீட்டிவிட்டு வீட்டுக்கு வந்து முழுநேர எழுத்தாளர் ஆனார். அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. கல்யாணம், காரியம் எதிலாவது எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால் போய்விடுவார்களாம்.

"காலையிலேயே முதலாளிகிட்ட பேசிட்டேன். செஞ்ச ஆளை வெளியே அனுப்பணும், இல்லன்னா தொடர் கிடையாது, கோர்ட்ல பார்த்துக்கலாம்னு சொல்லிட்டேன். யாரோ பக்கம் வடிவமைக்கிற பொண்ணாம். சாயங்காலத்துக்குள்ள வேலையை விட்டு அனுப்பிடறேன்னு சொல்றார்." தலையங்கத்தின் மூக்கு துடித்தது. "ஒரு சின்னப் பொண்ணுக்கு என்னைக் கொல்றதுல என்ன லாபம்? பின்னால பெரிய கை இருக்கு. அதைத்தான் நீங்க பிடிக்கணும். அந்தப் பொண்ணு பலியாடு."

வீட்டில் விடிந்ததிலிருந்து ஆட்கள் வருவதையும் சொன்னார். அவருடைய மனைவி வாசலிலேயே நின்று, வந்தவர்களிடம் பூவை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்புகிறாராம். புத்தக வெளியீட்டுக்குக் கூப்பிட்டபோது வராதவர்கள் எல்லாம் இதற்கு வந்துவிட்டார்கள் என்று அந்த அம்மாள் ரொம்ப மனக்குறைப்பட்டாராம்.

வக்கீல் சமாதானப்படுத்தப் பார்த்தான். "செய்தியில உங்களை நல்லாத்தான் புகழ்ந்திருக்காங்க சார். அந்த வெள்ளம் விஷயம் எல்லாம் இருக்கே."

வெள்ளம் என்றதும் தலையங்கம் எழுந்து நின்றுவிட்டார். கோபம் போய் ஒரு களை வந்தது. பாலம் அடித்துக்கொண்டு போன அந்த வருடத்தில், எல்லாப் பத்திரிகை நிருபர்களும் அக்கரையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அவர் ஒருவர் மட்டும் ஆற்றைக் கடந்து வந்து தந்தி அலுவலகத்தில் செய்தியைக் கொடுத்தார். கழுத்தளவுத் தண்ணீர், சுழல், மிதந்து வரும் மரம். "நீந்தினேன். ஒரே மூச்சு," என்று சித்தியின் அலுவலகத்துக்குள்ளேயே இரண்டு கையும் வீசிக் காட்டினார். பேனாக்கூடு கவிழ்ந்தது. சுயசரிதையில் முதல் அத்தியாயமே அதுதானாம்.

சித்தி பேனாக்களைப் பொறுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்தச் செய்தியை முழுசா படிச்சீங்களா சார்?"

"முதல் வரியிலேயே காலமானார்னு போட்டிருக்கு. செத்தவன் அதுக்கு மேல என்னத்தைப் படிக்கிறது?"

சித்தி தலையாட்டிக்கொண்டாள். செய்தித்தாளைத் தன் பக்கம் திருப்பி, முதல் வரியில் விரலை வைத்தாள்.

"வக்கீல், நான் பிடிச்ச பொய்ச் சாவுல எல்லாம் பொதுவா ஒண்ணு இருக்கும். என்ன சொல்லு."

"துக்கம் கம்மியா இருக்கும்."

"விவரம் ஜாஸ்தியா இருக்கும்டா. எத்தனை மணிக்கு, எந்த ஆஸ்பத்திரி, கடைசியா என்ன சொன்னார், யார் மடியில தலை இருந்தது, எல்லாம் சொல்வாங்க. பொய் சொல்றவங்களுக்குச் சந்தேகம் வந்துடுமோன்னு பயம். இதுல பாரு. காலமானார்னு இருக்கு. என்னைக்கு, எங்க, எதனால, ஒண்ணுமே இல்ல. இது உங்களைச் சாகடிக்கணும்னு எழுதினது இல்ல சார். நீங்க சாகிற அன்னைக்கு வேணும்னு யாரோ முன்னாடியே எழுதி வச்சது."

தலையங்கத்தின் முகத்தில் முதன்முறையாக ஒரு யோசனை ஓடியது. பத்திரிகைகளில் அது வழக்கம்தான் என்று ஒப்புக்கொண்டார். பெரிய மனிதர்கள் யாராவது போனால் அந்த நேரத்தில் உட்கார்ந்து வாழ்க்கை வரலாறு எழுத முடியாது. அதனால் ஆள் நன்றாக இருக்கும்போதே எழுதி, நாளையும் காரணத்தையும் மட்டும் விட்டுவிட்டு இருப்பில் போட்டு வைப்பார்கள். அவர் அங்கே இருந்தவரை இருப்பில் இருந்த அத்தனை பேரையும் எழுதியவர் அவர்தான். ஆனால் தனக்குத் தானே யாராவது எழுதிக்கொள்வார்களா? தான் வெளியே வந்த பிறகு தன்னைப் பற்றி அங்கே யார் எழுதி வைக்கப்போகிறார்கள் என்று கேட்டார்.

வக்கீல் செய்தியின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சித்தி, இங்க பாருங்க. ஆற்றைக் கடந்து செய்தி கொடுத்த ஒரே நிருபர் அவர்தான்னு போட்டிருக்கு. அப்புறம், 'ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும்', அவ்வளவுதான். செய்தி போட்ட பெட்டி முடிஞ்சுடுச்சு. இந்த ஆனால் எங்க போகுது?"

சித்தி அவனைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை வாயால் சொல்லிவிட்டால் சம்பளத்தைக் கூட்டிக் கேட்பான் என்று பேசாமல் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் அறை குளிர்ந்து கிடந்தது. வரிசையாகத் திரைகள். எல்லாத் திரைக்கு முன்னாலும் ஆள் இருந்தார்கள், ஆனால் எல்லோரும் ஒரு மூலையைப் பார்க்காமல் இருப்பதற்காகவே வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த மூலையில்தான் அந்தப் பெண் தன் மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஒரு காபிக் கோப்பை, ஒரு கம்பளிச் சட்டை, உடைந்த அளவுகோல் ஒன்று. வேலை நிரந்தரமாகி இன்னும் ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. தம்பியின் படிப்பு அவள் தலையில்தான் என்பதைப் பக்கத்து மேஜைக்காரர் வக்கீலின் காதில் போட்டார்.

சித்தி அவளை அழவும் விடவில்லை, ஆறுதல் சொல்லி நேரத்தைக் கடத்தவும் இல்லை. நடந்ததைக் கேட்டாள். அவளும் மூக்கை உறிஞ்சிவிட்டுத் தெளிவாகச் சொன்னாள்.

இரண்டாம் பக்கத்துக்குப் புது வடிவம் வேண்டுமென்று முதலாளி கேட்டிருந்தார். வெறும் அமைப்பைக் காட்டும்போது பெட்டிகளுக்குள் அர்த்தமில்லாத எழுத்துகளைக் கொட்டி நிரப்புவதுதான் எல்லோரும் செய்வது. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. படிக்கிற மாதிரி நிஜச் செய்தி போட்டுக் காட்டு என்றார். அவளும் பொது இருப்பில் தேடி, பெட்டிக்குப் போதுமான நீளத்தில் முதலில் கிடைத்த ஒன்றை எடுத்து ஊற்றிவிட்டாள். படமும் கூடவே இருந்தது. மிச்ச வரிகள் பெட்டிக்கு வெளியே வழிந்தன. மாதிரிக்குத்தானே என்று விட்டுவிட்டாள். முதலாளி பார்த்தார், பிரமாதம் என்றார், மேலே சரி என்று கையெழுத்தும் போட்டார். முதலாளியே சரி போட்ட பக்கத்தை அச்சகத்தில் யார் நிறுத்துவார்கள்? மாதிரி என்று தெரியாமல் ஓட்டிவிட்டார்கள்.

"அப்ப முதலாளிதானே சரி போட்டார்?" என்றான் வக்கீல். வாதாட ஒரு இடம் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு.

"அவர் வடிவத்துக்குத்தான் சரி போட்டாராம் சார். செய்தியைப் படிக்கலையாம். மாதிரின்னு மேல எழுதாம விட்டது என் தப்புதான். அதை நான் இல்லன்னு சொல்லல." அவள் கம்பளிச் சட்டையை மடித்தாள். "ஆசிரியர் சார் காலையிலிருந்து மூணு தடவை போய் எனக்காகப் பேசினார். பொறுப்பு என்னோடதுன்னுகூடச் சொன்னார். முதலாளி கேட்கல. அவருக்குத் தொடர் போயிடக் கூடாது."

அந்த இரங்கல் செய்தியை எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. இருப்பில் இருக்கும் எல்லாவற்றுக்கும் எழுதியவர் பெயர் என்ற இடத்தில் அலுவலகம் என்றுதான் கணினி காட்டுகிறது.

வராந்தாவுக்கு வந்ததும் வக்கீல் கையைத் தட்டினான். ஒரு காலைப்பொழுதிலேயே வழக்கு முடிந்தது, சதி இல்லை, பெரிய கை இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றான். சித்தி நகரவில்லை.

"எதுடா முடிஞ்சது? யார் போட்டாங்கன்னு போய்ச் சொன்னா அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போவா. யார் எழுதினாங்கன்னு கண்டுபிடிச்சா ஒருவேளை தப்பிப்பா. புகார் கொடுத்த மனுஷனே போதும்னு சொல்லணும். கோபத்துல இருக்கிறவர் எப்ப போதும்னு சொல்வார்? தன்னைச் சாகடிக்கலை, சீராட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான்."

செய்தித்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து இருவரும் மறுபடி படித்தார்கள். எழுதியவர் தலையங்கத்தைப் பல வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவர், சந்தேகமே இல்லை. தலைப்பு யோசிக்கும்போது ஒரு கால் செருப்பை மட்டும் கழற்றிவிடுவார் என்று இருந்தது. ராசிபலன் எழுதுகிறவர் படுத்த படுக்கையான போது சில மாதங்கள் அதையும் அவரே எழுதினார், தன் ராசிக்கு மட்டும் வாரா வாரம் பணவரவு போட்டுக்கொண்டார் என்று இருந்தது. அந்தக் காலத்து ஆட்களுக்கு மட்டுமே தெரிந்த கதை இது. அதே சமயம் வரப்போகும் சுயசரிதையும் நூல்களின் பட்டியலில் இருந்தது. ஆகவே எழுதியவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார், சமீபத்தில்கூட எடுத்துத் திருத்தியிருக்கிறார். பக்கத்து மேஜைக்காரரிடம் விசாரித்ததில், அன்றும் இன்றும் இங்கே இருப்பவர்கள் மூன்றே பேர். செய்தி ஆசிரியர், ஞாயிறு மலர் பொறுப்பாளர், ஆசிரியர்.

"மூணு பேரையும் கேட்டுடலாமா?" என்றான் வக்கீல்.

"கேட்டா யார் ஒத்துப்பாங்க? பத்திரிகைக்காரங்ககிட்ட கேள்வி கேட்கக் கூடாது, அது அவங்க தொழில். வேலை கொடுக்கணும்." சித்தி வராந்தா மேஜையில் கிடந்த சிவப்புப் பேனா ஒன்றை எடுத்து அவன் சட்டைப்பையில் செருகினாள். "நாளைக்குத் திருத்தம் போடும்போது இதைச் சரியாச் சுருக்கி மறுபடி போடணுமாம், பாதியா வெட்டிக் கொடுங்கன்னு சொல்லு. எவ்வளவு வெட்டறாங்கன்னு பாரு. நான் தலையங்கத்தைக் கூப்பிட்டு வரவேற்பறையில வந்து உட்காரச் சொல்றேன்."

செய்தி ஆசிரியர் ஒரு காதில் தொலைபேசியோடு இருந்தார். பேச்சை நிறுத்தாமலே பேனாவை வாங்கினார். செருப்பு போச்சு, ராசிபலன் போச்சு, இளமைக்காலம் முழுக்கப் போச்சு. கேட்டது பாதி, அவர் விட்டது கால்வாசி. ஞாயிறு மலர் பொறுப்பாளரான அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போய், நூல்களின் பெயர்களை மட்டும் விட்டுவைத்தார். வெட்டி முடித்த பிறகும் கை அடங்காமல், வக்கீல் அணிந்திருந்த சட்டையைக்கூட எங்கே குறைக்கலாம் என்பதுபோலப் பார்த்தார். அவன் நழுவி வெளியே வந்தான்.

ஆசிரியரின் அறை மாடிக்கோடியில் இருந்தது. உயரமான மனிதர், அகன்ற தோள், காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத முகம். சித்தியும் கூடவே வந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். வக்கீல் விஷயத்தைச் சொல்லி, வெட்டாத புதுப் பிரதி ஒன்றையும் பேனாவையும் நீட்டினான்.

ஆசிரியர் பேனா மூடியைக் கழற்றினார். படித்தார். மூடியைப் போட்டார். மறுபடி கழற்றினார். ஒரு இடத்தில் விட்டுப்போயிருந்த புள்ளியை வைத்தார். செருப்பு வந்த இடத்தில் உதடு கொஞ்சம் மலர்ந்தது. இவருடைய பேனா பட்டால் அமைச்சரின் அறிக்கையே பத்து வரிக்கு வந்துவிடும் என்று வக்கீல் கேள்விப்பட்டிருந்தான். இங்கே அந்தப் பேனா ஒரு வரியைக்கூடத் தொடாமல் காகிதத்துக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்க வெட்டறதுன்னு தெரியலையா சார்?" என்றான் வக்கீல், ஒன்றும் அறியாத பிள்ளை போல. "கடைசியில ஒரு ஆனால் அரைகுறையாத் தொங்குது. அதை அப்படியே தூக்கிடலாமே. அதுல என்ன இருந்துடப் போகுது?"

"அதைத் தொடாத," என்றார் ஆசிரியர். "அந்த வரிக்காகத்தான் மிச்சமெல்லாம்."

சொல்லிக்கொண்டே குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார். யோசிக்கவில்லை, நிறுத்தவில்லை. வருடக்கணக்காக மனப்பாடமாகிப் போன வரிகள் சிவப்பு மையில் கீழே இறங்கின. வக்கீல் தலைகீழாகவே படித்தான்.

'ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் நீச்சல் கற்றுக்கொள்ளவே இல்லை. நண்பனின் தோளில் ஏறி அந்த ஆற்றைக் கடந்தவர், அடுத்த வெள்ளத்துக்கும் அந்தத் தோள் இருக்கும் என்று நம்பினார். இருந்தது. அவர்தான் அதன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. அவருடைய முதல் நூலை நீளம் என்று எழுதியவர் அதை அப்போது முழுவதும் படித்திருக்கவில்லை.'

முற்றுப்புள்ளி வைத்தவுடன்தான் ஆசிரியருக்குத் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. தலையை நிமிர்த்தி சித்தியைப் பார்த்தார். அவள் அந்த அகன்ற தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்தளவுத் தண்ணியா சார், அன்னைக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எனக்குக் கழுத்தளவு. மேல உட்கார்ந்திருந்தவனுக்குச் சட்டைகூட நனையலை," என்றார் ஆசிரியர். "வருஷா வருஷம் அவன் பிறந்தநாள் அன்னைக்கு இதை எடுப்பேன். அந்த வருஷம் என்ன எழுதினானோ படிச்சு, சேர்ப்பேன். பேச்சு வார்த்தை இல்லாதவனுக்கு வேற என்ன பண்றது சொல்லுங்க? நான்தான் எழுதினேன்னு முதலாளிகிட்ட சொல்லியிருக்கலாம். சொன்னா அவன் காதுக்குப் போகும். அவன் சிரிப்பான். அதுக்குத்தான் வாயை மூடிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணு விஷயத்துல நான் செஞ்சது அசிங்கம், தெரியுது."

அப்போது மேஜைத் தொலைபேசி அடித்தது. அறை முழுக்கக் கேட்கும்படியாக வரவேற்பறைப் பெண்ணின் குரல் நடுங்கியது. "சார், காலமானவர் வரவேற்பறையில காத்திருக்கார். மேல அனுப்பட்டுமா?"

ஆசிரியர் காகிதத்தை இழுப்பறைக்குள் தள்ளப் பார்த்தார். வக்கீல் அதற்குள் அதை எடுத்துக்கொண்டான். இந்த ஒரு விஷயத்தில் அவன் கை வாயைவிட வேகம்.

தலையங்கம் உள்ளே வந்தார். ஆசிரியர் இருக்கும் திசையையே பார்க்காமல், பெரிய கை எங்கே என்று சித்தியிடம் கேட்டார். சித்தி வக்கீலிடமிருந்து காகிதத்தை வாங்கிக் கொடுத்தாள். இந்த முறையாவது கடைசிவரை படியுங்கள் என்றாள். அவர் நின்றபடியே படித்தார். பாதியில் அவருடைய இடது கால் செருப்பை விட்டுத் தானாக வெளியே வந்ததை வக்கீல் மட்டும் பார்த்தான். சிவப்பு மை வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாதுன்னு எழுதியிருக்க," என்றார் கடைசியில், சுவரைப் பார்த்து.

"தெரியுமா உனக்கு?"

"தெரியாது. அதை ஊருக்கெல்லாம் சொல்லணுமா?"

"நீ செத்த பிறகுதானே சொல்றேன். அதுல உனக்கு என்ன கஷ்டம்?"

தலையங்கம் திரும்பினார். "என் புத்தகத்தை முழுசா படிக்காமத்தான் மதிப்புரை எழுதினியா?"

"ஒரே ராத்திரியில கேட்டாங்க. பாதிதான் முடிஞ்சது. மறுநாள் மிச்சத்தைப் படிச்சிட்டு, ஒரு வரிகூட குறைக்க முடியாதுன்னு சொல்ல உன் மேஜைக்கு வந்தேன். மேஜை காலியா இருந்தது." ஆசிரியர் எழுந்து நின்றார். "அதை விடு. இன்னைக்குக் காலையில இதை நீ முழுசா படிச்சியா?"

தலையங்கம் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். முதல் வரியோடு நின்றவர்தான் அவரும். அப்புறம் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும். இரண்டையும் ஒரே கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தார். எதிர் நாற்காலியில், ஒரு காலத்தில் உட்கார்ந்த மாதிரியே, நேர் எதிரே.

"வருஷா வருஷமா சேர்த்த?" என்றார்.

"உன் எழுத்து அவ்வளவு நீளம். சேர்க்காம என்ன பண்றது?"

சித்தி தொண்டையைக் கனைத்து, கீழ்மாடியில் ஒரு பெண் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருப்பதை ஞாபகப்படுத்தினாள். அவள் அந்தத் தப்பைச் செய்யாமல் இருந்திருந்தால், இந்தச் செய்தியை இவர் உயிரோடு படித்திருக்கவே முடியாது என்பதையும் சொன்னாள். தலையங்கம் இதைக் கேட்டதும் மறுபடியும் தலையங்கமாகிவிட்டார். தொலைபேசியை எடுத்து முதலாளியைப் பிடித்தார். புகார் வாபஸ், கோர்ட்டும் இல்லை. அந்தப் பெண்ணை அனுப்பினால்தான் தொடர் கிடையாது, மேலே சரி போட்டவர் யார் என்பதையும் வாசகர்கள் சிந்திக்க வேண்டியிருக்கும் என்றார். முதலாளி எதிர்முனையில் என்ன சொன்னாரோ, மூன்று நிமிஷத்தில் அந்தப் பெண் தன் கோப்பையோடும் கம்பளிச் சட்டையோடும் இழுப்பறைக்கே திரும்பிவிட்டாள்.

மிச்ச மத்தியானம் முழுக்க அந்த அறையில் நடந்தது துப்பறியும் வேலை இல்லை. நாளைக்குப் போட வேண்டிய திருத்தத்தை யார் எழுதுவது என்ற சண்டை. ஒருவர் எழுத மற்றவர் வெட்ட, வெட்டியவர் எழுத எழுதியவர் வெட்ட, கீழேயிருந்து அந்தப் பெண் பெட்டியின் அளவை வைத்துக்கொண்டு இரண்டு முறை வந்து போனாள். இவர்கள் பிரிந்திருந்த வருடங்களில் இந்தப் பத்திரிகை எவ்வளவு அமைதியாக இருந்திருக்கும் என்று வக்கீல் சித்தியின் காதில் சொன்னான். நம் பில்லை யாரிடம் கொடுப்பது என்றும் கேட்டான். காலமானவரிடம்தான் என்றாள் சித்தி.

மறுநாள் காலை, டீ சூடாகும்வரை, வக்கீல் இரண்டாம் பக்கத்தைத் திறந்தான். புது வடிவத்தில் பக்கம் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் சின்னதாக ஒரு பெட்டி.

'திருத்தம்: நமது மூத்த செய்தியாளரும் எழுத்தாளருமானவர் காலமானார் என்று நேற்று வெளியான செய்தி தவறு. இடம் போதாமல் அதில் விடுபட்டுப்போன கடைசி வரி: அவருக்கு நீச்சல் தெரியாது. இது சரி. தோள் கொடுத்தவர் நலமாக இருக்கிறார்.'

ஒரு எழுத்துகூட வெளியே வழியாமல் எல்லாம் பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தின் அடியில், இதுவரை அந்தப் பத்திரிகையில் யாருக்கும் இல்லாத வழக்கமாக, பக்கம் வடிவமைத்தவர் என்று போட்டு அந்தப் பெண்ணின் பெயர் அச்சாகியிருந்தது.